நொத்தாரிசின் விமானமும் இரண்டு சைபரும்

நான் அந்த வீட்டுக்குப் போனது தரை துடைக்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில், பலெர்மோவில், எங்கள் இலங்கை ஆட்கள் செய்கிற வேலைதான். தரை, கண்ணாடி, குசினி, வெள்ளிக் கரண்டி. வேலை ஒப்பந்தத்திலும் வீட்டு வேலை என்றுதான் இருந்தது. விமானம் என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் வேலையில் இருந்து இளைப்பாறிய நொத்தாரிசு. நாற்பது வருடம் மற்றவர்களின் காணிக்கும் வீட்டுக்கும் உறுதிப் பத்திரம் எழுதியவர். பேப்பரில் இருந்தால் அது உண்டு. பேப்பரில் இல்லாவிட்டால் அது இல்லை. அவருடைய உலகம் அவ்வளவுதான். இளைப்பாறிய கையோடு ஒரு விமானம் கட்டத் தொடங்கினார். வரைபடம் தபாலில் வந்தது. ஒரு பெட்டி நிறையப் பேப்பர். அதைக் கண்டுதான் அவருக்கு ஆசை வந்திருக்க வேண்டும்.

நகரத்துக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டத்துக்குள், அவருக்கு ஒரு பெரிய கொட்டகை இருந்தது. அதற்குள் வைத்து ஆறு வருடம் கட்டினார். இரும்புக் குழாயில் கூடு, மேலே துணி, உள்ளே இரண்டு இருக்கை. எஞ்சின் பழையது. கொட்டகைக்கு முன்னால் புல்லும் மண்ணுமாக நீட்டுக்கு ஒரு தரை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது விமானம் முடிந்த மாதிரித்தான் இருந்தது. முடிந்த மாதிரியே இன்னும் இரண்டு வருடம் நின்றது.

சனிக்கிழமைகளில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். முதலில் கொட்டகையைக் கூட்டச் சொன்னார். பிறகு ஸ்பானர் எடுத்துத் தரச் சொன்னார். பிறகு ஒரு நாள் விமானத்தின் மூக்கில் இருந்த மர விசிறியைக் காட்டி, "இதை நீ சுத்து" என்றார். அந்த எஞ்சினுக்கு ஸ்டாட்டர் இல்லை. ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் முன்னால் நின்று கையால் விசிறியை இழுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர் நொத்தாரிசு. மற்றவர் யார் என்று பேப்பரில் இல்லை. ஆகவே நான்.

எனக்கு எஞ்சின் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு தண்ணி இறைக்கிற பம்ப் திருத்தப் போனவன். சண்டையால் ஊருக்குச் சாமான் வராத காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டாட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்டிருக்கிறேன். அதை நான் நொத்தாரிசுக்குச் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை.

ஸ்டாட் பண்ணுவதற்காக விசிறியை இழுப்பதில் பயம் உண்டு. ஆனால் அது தெரிந்த பயம். எஞ்சின் பிடிக்கும் என்று தெரிந்துதான் கையை வைக்கிறோம். காலை ஊன்றி, இழுத்த வேகத்தோடு உடம்பைப் பின்னுக்கு எடுத்துவிட வேண்டும்.

துடைக்கிற வேலை வேறு. எஞ்சின் நின்ற பிறகு விசிறியில் இருக்கிற தூசி, பூச்சி, எண்ணெய் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். அது நொத்தாரிசின் மனைவி, சிஞ்ஞோராவின் கட்டளை. விமானத்தை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் வீட்டுச் சாமான் ஒன்று ஊத்தையாக நிற்கவும் கூடாது. சனிக்கிழமைகளில் மடக்குக் கதிரையும் சாப்பாட்டுக் கூடையுமாக வந்து கொட்டகை வாசலில் இருப்பார். நான் விசிறியைக் கட்டிப்பிடித்து, தோளில் சாத்தி, மெல்லத் திருப்பித் திருப்பித் துடைப்பேன். அந்த நேரம் எஞ்சின் ஒரு தரம் உதைத்தால் தோளும் இல்லை, தலையும் இல்லை. சாவி பூட்டியிருக்கிறது, நெருப்பு வராது என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை அது.

பறப்பதற்கு முன் சோதிக்க வேண்டியதும் அந்த நெருப்பைத்தான். எஞ்சினில் மக்னீற்றோ இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றது பொறி கொடுக்கும். சாவியில் நாலு இடம். பூட்டு, வலது, இடது, இரண்டும். பூட்டில் இரண்டும் அணையும். எஞ்சினைச் சூடாக்கி, நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்றில் வைத்து, சாவியை வலதுக்குத் திருப்பினால் இடது அணையும். எஞ்சின் கொஞ்சம் இளைக்கும், சுற்று விழும். எவ்வளவு விழுந்தது என்று எழுத வேண்டும். பிறகு மற்றப் பக்கம். நூற்று இருபத்தைந்துக்கு மேல் விழக் கூடாது என்று பேப்பர் சொன்னது. சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்து, ஸ்டாட் பண்ணிவிட்டு, நான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வேன். நொத்தாரிசு சாவியைத் திருப்புவார். நான் சுற்றுக் காட்டுகிற முள்ளைப் பார்த்து எழுதுவேன்.

முதல் சனி ஒரு பக்கம் எண்பது விழுந்தது. மற்றப் பக்கம் இருநூற்று அறுபது.

"பிளக் ஊத்தை, சிஞ்ஞோரே" என்றேன்.

"பிளக் மாத்தி நூறு மணித்தியாலம் ஆகேல்லை. பேப்பரிலை நூறு எண்டு கிடக்கு."

அடுத்த சனி வயரை மாற்றினார். இருநூற்று எழுபது. அதற்கடுத்த சனி காபரேற்றரைக் கழற்றினார். இருநூற்று எழுபது. அதற்கடுத்த சனி முள்ளில்தான் பிழை என்று வேறு முள் வாங்கினார். புது முள்ளிலும் இருநூற்று எழுபது. நான் ஒவ்வொரு சனியும் பிளக் என்றேன். ஒரே சொல். ஆறாவது சனி, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனதால், பிளக்கைக் கழற்றினார். கரிச்சட்டி மாதிரி இருந்தது. கம்பிப் பிரசால் தேய்த்துப் போட்டேன். தொண்ணூறு விழுந்தது.

"பாத்தியா?" என்றார். "பொறுமை வேணும். ஒழுங்கா ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு வந்தால் பிழை பிடிபடும்."

நான் சரி என்றேன்.

விமானத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்று அதற்குப் பிறகு கடிதம் வந்தது. கடல் காற்றில் இரும்புக் குழாய் அங்கங்கே துருப் பிடித்திருந்தது. சிஞ்ஞோரா பார்த்தார். வீட்டுக்கு ஆள் வரப்போகிறது, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. தோட்டத்துக் கேற்றுக்கு அடித்து மிஞ்சின பச்சைப் பெயின்ற் ஒரு வாளி இருந்தது. என்னிடம் தந்தார். "எல்லா இடமும்" என்றார்.

இரண்டு நாள் அடித்தேன். உள்ளே தலையைக் கொடுத்து, சாவிப் பலகைக்குப் பின்னால் இருந்த குழாய்களுக்கும் அடித்தேன். முடிந்ததும் சிஞ்ஞோரா வந்தார். அவர் வேலை பார்க்கிற விதம் உண்டு. கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் பார்ப்பார். அலுமாரி மேலே, கதவு மேலே, கட்டிலுக்குக் கீழே என்று வீட்டில் தடவுகிற மாதிரி விமானத்துக்குள்ளும் தடவிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இஞ்சை விட்டிட்டாய்."

சாவிப் பலகைக்குப் பின்னால் குழாயில் ஒட்டியபடி ஒரு இரும்புக் காது. அதில் ஒரு கறுப்பு வயரை போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அந்தக் காதைச் சுற்றி ஒரு வட்டம் வெறும் இரும்பாக விட்டிருந்தேன். கை தானாக விட்டது. ஏன் விட்டேன் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

"சரி, சிஞ்ஞோரா" என்றேன்.

போல்ட்டைக் கழற்றினேன். காதுக்கு இரண்டு பக்கமும் அடித்தேன். துளைக்குள்ளும் அடித்தேன். போல்ட்டும் துருவாக இருந்தது, அதையும் பெயின்றில் தோய்த்தேன். காயவிட்டு, வயரைப் போட்டு இறுக்கி, மேலே இன்னொரு கோட். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் நான் சொன்ன சொல் அந்தச் 'சரி, சிஞ்ஞோரா' ஒன்றுதான். அது வாயில் இருந்து வராது. கையில் இருந்து வரும்.

அந்தச் சனி சோதித்தோம். சாவியை வலதுக்குத் திருப்பினார். முள் அசையவில்லை. இடதுக்குத் திருப்பினார். அசையவில்லை. நான் இரண்டு சைபர் எழுதினேன்.

நொத்தாரிசு கொப்பியைப் பார்த்தார். ஐந்து விரலையும் சேர்த்து முத்தம் கொடுத்தார். "சைபர்! ரெண்டு பக்கமும் சைபர்! பெர்ஃபெத்தோ!" என்று கத்தினார். பெற்றோல் நெம்பை இழுத்து எஞ்சினை நிற்பாட்டினார். எப்போதும் அப்படித்தான், பெற்றோலை வெட்டித்தான் அந்த எஞ்சினை நிற்பாட்டுவது. அது நின்ற பிறகுதான் சாவியைப் பூட்டுவார். இறங்கிப் போய் மனைவிக்குச் சொன்னார். சிஞ்ஞோரா, "பெயின்ற் அடிச்சதுக்குப் பிறகு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நான் விசிறியைத் துடைத்தேன். கட்டிப்பிடித்துத்தான் துடைத்தேன்.

திரும்பி வருகிறபோது காரில்தான் உறைத்தது. ஒன்றை அணைக்கிறோம், எஞ்சின் இளைக்கவில்லை. அப்படியென்றால் அது அணையவில்லை. மக்னீற்றோவுக்குப் பற்றரி தேவையில்லை. எஞ்சின் சுற்றினால் அது தானாகப் பொறி கொடுக்கும். அதை நிற்பாட்ட ஒரே வழி, அதனுடைய மின்சாரத்தை ஒரு வயரால் வெறும் இரும்புக்கு இறக்கிவிடுவது. ஊர்ப் பம்பில் பிளக்கின் தலைக்கு மேல் ஒரு தகரத் துண்டு இருக்கும். அதை அமத்தினால் நிற்கும். தகரத்துக்கும் பிளக்குக்கும் நடுவில் கிறீஸ் கட்டியாகப் பிடித்தால் என்ன அமத்தினாலும் நிற்காது. சாவி பூட்டில் இருந்தாலும் இந்த எஞ்சினின் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கின்றன. நான் அதைத் தோளில் சாத்தித் துடைத்திருக்கிறேன்.

அப்போது நான் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் மச்சானோடு ஒரு அறையில் இருந்தேன். அவர் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலையில் இருந்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இண்டைக்கும் துடைச்சனியோ?"

"ஓம்."

"விசர் உனக்கு. என்ரை கிழவர் ஏலாமல் படுத்திருக்கிறார், அவராலை எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. உனக்கு வாய்ச்சதைப் பார். கட்டையிலை நிண்டபடியே ஆளைக் கொல்லுற பிளேன்."

"சொல்லத்தான் வேணும்."

"சொல்லு. கை ரெண்டும் போச்செண்டால் நொத்தாரிசு முத்திரை குத்தி ஒரு உறுதி எழுதித் தருவார். இன்னாருக்கு இன்ன திகதியிலை கை இல்லாமல் போனது உண்மை எண்டு."

"கேக்காட்டி?"

"கேக்காட்டிப் போகாதை."

"போகாட்டிப் பெர்மெசோவுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"

மச்சான் மீனைக் கழுவினார். வதிவிட அனுமதி புதுப்பிக்கிற மாதம் அது. அதற்கு நொத்தாரிசின் கடிதம் வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த சனி சொன்னேன். என் இத்தாலியன் குசினி இத்தாலியன். வாளி, சவர்க்காரம், ஈரம், காய்ந்தது. மக்னீற்றோவை அதில் சொல்வது கஷ்டம்.

"சைபர் நல்லதில்லை, சிஞ்ஞோரே."

அவர் புத்தகத்தை எடுத்தார். விரல் வைத்து வாசித்தார். "நூற்றி இருபத்தைஞ்சுக்கு மேலை விழக் கூடாது. சைபர் நூற்றி இருபத்தைஞ்சுக்கு மேலையோ?"

"இல்லை."

"அப்ப?"

"கொஞ்சம் விழ வேணும்."

"எங்கை எழுதியிருக்கு, கொஞ்சம் விழ வேணும் எண்டு?"

நான் கொட்டகைக் கூரையில் இருந்த இரண்டு பல்ப்பைக் காட்டினேன். "ரெண்டு லைற் எரியுது. நீங்கள் ஒண்டை அணைக்கிறியள். வெளிச்சம் அப்பிடியே இருக்கு. அப்ப எது அணைஞ்சது?"

நொத்தாரிசு கூரையைப் பார்த்தார். நன்றாக யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்பிடியெண்டால்," என்றார், "மிஞ்சின பல்ப் நல்ல பல்ப்."

அன்றும் சோதித்தோம். இரண்டு சைபர். அன்று நான் விசிறியைக் கட்டிப்பிடிக்கவில்லை. தரை துடைக்கிற தடியின் நுனியில் துணியைக் கட்டி, எட்ட நின்று துடைத்தேன். சிஞ்ஞோரா கதிரையில் இருந்து எழும்பி வந்துவிட்டார்.

"என்ன இது? கூரையிலை சிலந்தி வலையோ அடிக்கிறாய்? கிட்டப் போய்த் துடை. எண்ணெய் அப்பிடியே கிடக்கு."

"தலை சுத்துது, சிஞ்ஞோரா" என்று பொய் சொன்னேன். எனக்கு இரண்டு எலுமிச்சம்பழம் தந்து மணந்துகொண்டு இருக்கச் சொன்னார். விசிறியின் மற்றப் பாதியைத் தான் துடைக்கப் போவதாகத் துணியை எடுத்தார். நான் பாய்ந்து பறித்தேன். பறித்தேன் என்றால் மரியாதையில்லாமல்தான் பறித்தேன். ஊத்தையோடு உறையைப் போட்டு மூடினேன்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோபம். அவர் மேல் கொஞ்சம். என் மேல்தான் கூடுதல். அவர் பேப்பர் மனிதர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அந்த மனுசி கையை வைத்திருந்தால்?

மூன்றாவது சனி. ஸ்டாட் பண்ணினேன். ஏறி இருந்தேன். இரண்டு சைபர். நொத்தாரிசின் கை பெற்றோல் நெம்புக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். அதுவரை அவரை நான் தொட்டதில்லை.

"சாவியைப் பூட்டுங்கோ" என்று காதில் கத்தினேன்.

"சாவியாலை நிப்பாட்டுறேல்லை! பெற்றோலாலை! புத்தகத்திலை..."

"பூட்டாட்டி நான் துடைக்க மாட்டன். இண்டைக்கும் இல்லை. இனியும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அலுமாரி கதைத்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. வாசலில் இருந்து சிஞ்ஞோரா கையை ஆட்டி எதையோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நொத்தாரிசு சுற்றை அடியில் இறக்கினார், சத்தம் குறைந்தது.

"என்ன வேணுமாம் அவனுக்கு?" என்றார் சிஞ்ஞோரா.

"சாவியைப் பூட்டட்டாம்!"

"பூட்டிவிடுங்கோவன்! சாப்பாடு ஆறுது! பிறகு துடைக்கட்டும்!"

பேப்பருக்காக இல்லை, என் சொல்லுக்காகவும் இல்லை, ஆறுகிற சாப்பாட்டுக்காக நொத்தாரிசு சாவியைப் பூட்டினார். எனக்குக் காட்டுவதற்காக அதை வெளியே இழுத்து, என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவி அவருடைய கையில் இருந்தது. விசிறி முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சாவியைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். சாவியைத் திரும்பப் பார்த்தார். சிஞ்ஞோரா, "பூட்டிறன் எண்டுதானே சொன்னியள்?" என்று கத்தினார். நெம்பை நானே இழுத்தேன். எஞ்சின் நின்றது.

நொத்தாரிசு சாவியை மடியில் வைத்தார். "அந்தச் சனிக்கிழமை," என்றார், "நீ அதைத் தோளிலை வைச்சுத் துடைச்சனி."

"ஓம், சிஞ்ஞோரே."

"அவளும் போன கிழமை..."

"ஓம்."

டோர்ச் லைற்றை வாங்கிக்கொண்டு சாவிப் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். தேடத் தேவை இருக்கவில்லை. கறுப்பு வயர் பச்சைக் காதில் அழகாக இருந்தது. அதுதான் மின்சாரத்தை இரும்புக்கு இறக்குகிற வயர். வயருக்கும் இரும்புக்கும் நடுவில் என்னுடைய பெயின்ற். துளைக்குள்ளும் பெயின்ற். போல்ட்டிலும் பெயின்ற். இதை விட நன்றாக ஒருவராலும் அடித்திருக்க முடியாது.

"ஆர் இதுக்குப் பெயின்ற் அடிச்சது?" என்று நொத்தாரிசு கேட்டார். இரண்டு பேருடைய தலையும் மேலே தெரிந்தன.

நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நான்" என்றேன்.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் சிஞ்ஞோரா, "இவன் பெயின்றைக் கூடத்தான் அடிக்கிறான் எண்டு."

கீழே கிடந்தபடியே கத்தியால் சுரண்டினேன். பச்சைத் தூள் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. வாய் திறக்காமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது. காதைச் சுற்றி வெறும் இரும்பு வரும்வரை சுரண்டினேன். போல்ட்டையும் சுரண்டி, வயரைப் போட்டு இறுக்கினேன்.

சாப்பாடு ஆறிவிட்டது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று சிஞ்ஞோரா நின்றார். சாப்பிட்டோம். பிறகு விசிறியை இழுத்தேன். ஏறி இருந்தேன். வலதில் எழுபது விழுந்தது. இடதில் தொண்ணூறு. எழுதினேன். நொத்தாரிசு கொப்பியை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"சைபர் வடிவா இருந்தது" என்றார்.

நான் சாவியைக் காட்டினேன். சுற்றை அடியில் இறக்கி, சாவியைப் பூட்டுக்குத் திருப்பினார். எஞ்சின் இருமிச் சாகப் போனது. திரும்ப 'இரண்டும்' என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார், பிடித்தது. பிறகு பெற்றோலை வெட்டி நிற்பாட்டினார். கொப்பியை மூடப் போனார்.

"அதையும் எழுதுங்கோ" என்றேன்.

"எதை?"

"சாவி பூட்டினால் நிக்குது எண்டு."

"அதுக்கு இஞ்சை கோடு இல்லை. வலதுக்கு ஒரு கோடு, இடதுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் அச்சடிச்சுக் கிடக்கு."

"கோடு கீறுங்கோ."

அச்சடித்த பேப்பரில் கையால் கோடு கீறுவது அவருக்குப் பல்லுப் பிடுங்குகிற மாதிரி. நாற்பது வருடத்தில் செய்யாத வேலை. பேனாவை மூடினார். திறந்தார். வாசலில் சிஞ்ஞோரா துணியை நீட்டிக்கொண்டு நின்றார். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விசிறியில் இருந்து நாலடி தள்ளி நின்றேன்.

நொத்தாரிசு சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன அடிமட்டத்தை எடுத்தார். அடியில் ஒரு கோடு கீறினார். நேராகக் கீறினார். அதில் எழுதினார். திகதி போட்டார். பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். சாட்சிக்கு நானும் வைக்க வேண்டுமாம். வைத்தேன்.

அவர் மை காய ஊதி முடிக்கும் வரை நான் துணியைத் தொடவில்லை.